ஊர்த் தண்ணீர் நிர்வாகத்தில் பெண்கள்: கடலூர், புதுச்சேரிப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடிநீர்க் குழு, கிராம சபை, ஏரிச் சங்கம் ஆகிய மூன்று இடங்களில்தான் ஊர்த் தண்ணீர் பற்றி முடிவெடுக்கிறார்கள். அங்கே உறுப்பினராகப் போகும் பெண்களும், போகலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. கடலூர் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழும் புதுச்சேரி தனிச் சட்டத்தின் கீழும் வருவதால், வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

குடிநீர்க் குழுவில் எத்தனை பெண்கள் இருக்க வேண்டும்?

பாதிப் பேர். வீடுதோறும் குழாய்க் குடிநீர் தருவதற்காக 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் வழிகாட்டுதல்படி, கிராமக் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழுவில் 10 முதல் 15 பேர் இருக்கலாம். அதில் பெண்கள் 50 சதவீதம். ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 25 சதவீதம் வரை. மீதி இடங்கள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட நலிந்த பிரிவினருக்கு. 12 பேர் குழு என்றால் 6 பெண்கள்.

எண்ணிக்கையை நிரப்புவது எளிது. யாரைப் போடுகிறோம் என்பதில்தான் ஊர் கோட்டை விடுகிறது. ஆறு பேரும் டேங்க் பக்கத்துத் தெருக்காரர்களாக இருந்தால், கடைசித் தெருவில் குழாய் காய்வது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. குழாய் லைன் முடியும் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒருவரை எடுங்கள். காலனியிலிருந்தும், மீனவர் குப்பம் இருந்தால் அங்கிருந்தும் கட்டாயம் ஒருவர் வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கணக்கு எழுதிப் பழகியவர் ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பெயர்களைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய பட்டியல் பின்னால் சண்டைக்குத்தான் உதவும்.

குழுவில் என் பெயர் இருக்கிறதாம். இதுவரை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிட்டதில்லை. என்ன செய்வது?

முதலில் குழு அமைத்த தீர்மானத்தின் நகலை ஊராட்சிச் செயலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பம் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமும் இல்லை. விண்ணப்பத்தில் நான்கு விஷயம் போதும்: குழு அமைத்த தீர்மானம், உறுப்பினர் பட்டியல், கூட்டப் பதிவேட்டின் கடைசி ஓர் ஆண்டுப் பக்கங்கள், பிளீச்சிங் பவுடர் வாங்கிய பில்கள். உங்கள் கையெழுத்து உங்களுக்குத் தெரியாமலே பதிவேட்டில் இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

குழுவில் இருப்பதற்கு அடையாளம் நாற்காலி இல்லை. பம்ப் ரூம் சாவி யாரிடம், பதிவேடு யார் வீட்டில், செலவுச் சீட்டில் யார் கையெழுத்து என்ற மூன்றுக்கும் பதில் "ஒரு பெண் உறுப்பினர்" என்று வராத குழுவில் பெண்கள் பெயரளவுக்கே இருக்கிறார்கள். முதல் கூட்டத்திலேயே மூன்றையும் ஒரே ஆளிடம் விடாமல் பிரித்துக் கேளுங்கள். மூன்றும் ஒரே நாளில் கிடைக்காது. பதிவேட்டிலிருந்து தொடங்குவது நல்லது. அதற்குத்தான் எதிர்ப்பு குறைவாக இருக்கும்.

கிராம சபையில் தண்ணீர்ப் பேச்சை எப்படித் தீர்மானமாக்குவது?

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் குடிநீர் விஷயம் அன்று பொருள் பட்டியலிலேயே இருக்கும். குறைந்தபட்ச வருகை ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

பேசுவது மட்டும் போதாது. "தண்ணி சரியா வரலை" என்று ஐம்பது பேர் கத்தினாலும் பதிவேட்டில் "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரு வரிதான் ஏறும். அதனால் தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் தெரு, எத்தனை வீடு, என்ன குறை, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். மாதிரிக்கு: "மாரியம்மன் கோவில் தெருவின் கடைசி 18 வீடுகளுக்குக் காலையில் 10 நிமிடம்கூடத் தண்ணீர் வருவதில்லை. தெரு முனையில் தனி கேட் வால்வு பொருத்தி, அடுத்த கிராம சபைக்குள் தனி நேரத்தில் தண்ணீர் திறந்துவிட இச்சபை தீர்மானிக்கிறது." கூட்டத்துக்கு முன்பே இதை மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தீர்மானம் எழுதி முடித்து வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வருகைப் பதிவில் போடும் கையெழுத்து வேறு. வெற்றுத் தாளில் போடுவது வேறு.

நேரமும் ஒரு சிக்கல். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கும் காலம் மே மாதக் கூட்டத்தோடு மோதும். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் அக்டோபர் கூட்டம் நடவு வேலையோடு மோதும். காலை 11 மணிக்கு வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை. குழுக் கூட்டத்தின் நேரமாவது உங்கள் கையில் இருக்கிறது. மாலையில் வையுங்கள்.

கடலூரில் இப்போது தலைவரே இல்லையே, தனி அலுவலர்தானே? புதுச்சேரியில் பஞ்சாயத்துத் தேர்தலே இல்லையே?

கடலூர் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு 50 சதவீத இடம் என்ற 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வந்த முதல் தேர்தல் அது. பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தனி அலுவலர் இருக்கும் காலத்திலும் கிராம சபை உண்டு, தீர்மானம் உண்டு. வார்டு உறுப்பினர்கள் இல்லாத காலத்தில் குடிநீர்க் குழுவில் உள்ள பெண்கள்தான் ஊரின் சார்பில் அலுவலரிடம் நேராகப் பேச முடிந்தவர்கள். இதைப் பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை.

புதுச்சேரியின் நிலை இன்னும் மோசம். உள்ளாட்சித் தேர்தல் 2006இல் நடந்தது; 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் கொம்யூன் பஞ்சாயத்து (பல ஊர்களைச் சேர்த்த பஞ்சாயத்து) ஆணையர்தான் எல்லாம். அதனால் அங்கே மனுவைக் கொம்யூன் ஆணையருக்கும் பொதுப்பணித் துறையின் குடிநீர்ப் பிரிவுக்கும் இரண்டு பிரதியாகக் கொடுங்கள். ஒரு பெண்ணின் நினைவுக்காகத் தண்ணீர் மண்டபம் கட்டி, அதைத் தன் சின்னமாகவே வைத்திருக்கும் ஊர் இது. ஆயி மண்டபத்தைச் சொல்கிறோம். அந்த ஊரில் தண்ணீர் பற்றிப் பெண்கள் ஓட்டுப் போட்டுச் சொல்ல ஒரு சபை இல்லை.

கடலூர் மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. வார்டு குழுவும் பகுதி சபையும்தான் அவர்களுக்கான இடம்.

ஆளுக்கு 55 லிட்டர் என்கிறார்கள். எங்களுக்கு வருகிறதா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

10 லிட்டர் பக்கெட்டும் செல்போன் கடிகாரமும் போதும். குழாயை முழுதாகத் திறந்து பக்கெட் நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். வீட்டுக் குழாயில் நிமிடத்துக்கு 5 லிட்டராவது வர வேண்டும். அதாவது பக்கெட் 2 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். நான்கு பேர் வீட்டுக்கு ஒரு நாள் தேவை 220 லிட்டர். அந்த வேகத்தில் 44 நிமிடம் தண்ணீர் வந்தால்தான் அது கிடைக்கும். லைனின் முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு என்று மூன்று இடத்தில், தொடர்ந்து மூன்று நாள், தண்ணீர் வரும் நேரத்தையும் பக்கெட் நிரம்பும் வினாடியையும் எழுதுங்கள். கைப்பட எழுதிய இந்த ஒன்பது வரியை எந்தப் பொறியாளரும் ஒதுக்க முடியாது.

அடுத்து டேங்க் பக்கத்துக் கணக்கு. 400 வீடு, 1,600 பேர் உள்ள ஊருக்கு ஒரு நாளைக்கு 88,000 லிட்டர் வேண்டும். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி என்றால் நாளுக்கு மூன்று முறை நிரம்ப வேண்டும். மோட்டார் நிமிடத்துக்கு 200 லிட்டர் ஏற்றினால் ஒரு முறை நிரம்ப இரண்டரை மணி நேரம். மூன்று முறைக்கு ஏழரை மணி நேரம். உங்கள் ஊரில் மோட்டார் நான்கு மணி நேரம்தான் ஓடுகிறது என்றால், யார் வால்வை எப்படித் திருப்பினாலும் கடைசி வீட்டுக்குப் போகாது. குறை வால்விலா மோட்டாரிலா என்று இந்தக் கணக்குச் சொல்லிவிடும்.

இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால், பெரும்பாலும் நடுவில் யாரோ குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கூடப் போவது மட்டும் பிரச்சினை இல்லை. உறிஞ்சும்போது லைனில் அழுத்தம் இறங்கி, கசியும் ஜாயின்ட் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். "அவங்க எடுத்தா உனக்கென்ன" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மோட்டார் வைத்தவர் வீட்டுக் குழந்தைக்கும் அதே தண்ணீர்தான்.

டேங்க் கழுவுவது, பிளீச்சிங் போடுவது: குழு எதைக் கவனிக்க வேண்டும்?

மாதம் இருமுறை தொட்டியைக் கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியில் எழுத வேண்டும். பெயின்ட் அழிந்து ஆறு மாதமாகியும் பழைய தேதி நிற்கிறதா என்று பாருங்கள்.

பிளீச்சிங் பவுடர் அளவு 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட வேண்டும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிடலாம். பவுடரை அப்படியே கொட்டினால் சுண்ணாம்பு தொட்டியடியில் படிந்து, முதலில் வரும் தண்ணீரில் வாடை தூக்கும், கடைசியில் வருவதில் ஒன்றுமே இருக்காது.

அதிகம் நடக்கும் தவறு, காலையில் ஒருமுறை போட்டுவிட்டு அதே தொட்டியை மூன்று முறை நிரப்புவது. ஒவ்வொரு நிரப்புக்கும் மருந்து வேண்டும். மூன்று நிரப்புக்கு 360 கிராம், மாதத்துக்கு 10.8 கிலோ. அதாவது 25 கிலோ மூட்டை இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகமாக வரும். ஒரே மூட்டை அரை வருடமாக மூலையில் கிடந்தால், பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும், மருந்து ஒழுங்காகப் போடவில்லை. இன்னொன்று: புதிய பவுடரில் குளோரின் 33 சதவீதம் வரை இருக்கும். வாய் திறந்த மூட்டை நம் கடற்கரை ஈரக் காற்றில் சில வாரத்தில் வலுவிழந்துவிடும். கட்டி தட்டிய, வாடையில்லாத பவுடரை எத்தனை கிராம் போட்டாலும் பலனில்லை. மூட்டை வந்ததும் மூடியுள்ள டப்பாக்களில் பிரித்து, பம்ப் பேனலிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் ஆவி செம்பையும் இரும்பையும் அரித்துவிடும்.

போட்டார்களா என்பதைக் கடைசி வீட்டுக் குழாயில்தான் சோதிக்க வேண்டும். குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினை அளக்கும் கருவி) சோதனைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும். டேங்க் அடியில் எடுத்த தண்ணீரில் 0.5 காட்டுவதைப் பெருமையாகச் சொல்வார்கள். அது கடைசி வீட்டுக்கு ஆறுதல் ஆகாது.

பரிசோதனைப் பெட்டிப் பயிற்சிக்கு ஐந்து பெண்களைக் கூப்பிடுகிறார்கள். அதில் என்ன பார்ப்போம்?

ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தருவது ஜல் ஜீவன் திட்டத்தின் பகுதி. நம் பகுதிக்கு முக்கியமானவை உப்பு, இரும்பு, நைட்ரேட், கிருமி ஆகியவை. இந்தியக் குடிநீர்த் தரப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது; வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. குளோரைடு 250, உச்சம் 1,000. நைட்ரேட் 45, அதற்கு மேல் சலுகையே கிடையாது. கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்கும் வீட்டில் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றுவதால் அளவு கூடத்தான் செய்யும்.

கிருமிச் சோதனைக்கு உள்ள சிறு புட்டியில் கோடு வரை தண்ணீர் விட்டு, நிழலான சூட்டில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், கறுத்துப்போனால் மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்புண்டு. புட்டியின் வாயில் விரல் பட்டாலே கறுத்துவிடலாம். ஒருமுறை கறுத்ததும் ஊரைக் கூட்டாமல் மறுநாள் இன்னொரு புட்டி வையுங்கள். அதுவும் கறுத்தால் மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரசாயனச் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை, கிருமிச் சோதனை மழைக்கு முன்னும் பின்னுமாக இருமுறை நடக்க வேண்டும். முடிவை ஊராட்சிச் சுவரில் ஒட்டுங்கள். ஆன்லைனில் ஏற்றியதோடு நின்றால் ஊர் பார்க்காது.

சோதனை, கழுவல், கணக்கு எல்லாம் பெண்கள் தலையில் வருகிறது. இது அதிகாரமா, கூடுதல் வேலையா?

நியாயமான கேள்வி. பல ஊரில் நடப்பது இரண்டாவதுதான். சோதனையைப் பெண்களிடம் கொடுத்துவிட்டு, எந்த மோட்டார் வாங்குவது, எந்தத் தெருவுக்கு லைன் போடுவது என்பதை ஆண்கள் டீக்கடையில் முடித்துவிடுவார்கள். வேலையை ஏற்கும்போதே முடிவையும் சேர்த்துக் கேளுங்கள்: குடிநீர் வேலைக்கான எஸ்டிமேட் குழு முன் வைக்கப்பட வேண்டும், வேலை முடிந்ததற்கான சான்றில் பெண் உறுப்பினர் ஒருவரின் கையெழுத்து வேண்டும். டேங்க் ஆபரேட்டர் வேலை காலியானால் பெண் விண்ணப்பிக்கத் தடையில்லை. சம்பளமில்லாத வேலையெல்லாம் பெண்ணுக்கு, சம்பளமுள்ள ஒரே வேலை ஆணுக்கு என்று இருப்பதை முதலில் மாற்றலாம்.

ஏரிச் சங்கத்தில் எனக்கு ஓட்டு உண்டா?

உங்கள் பெயரில் ஆயக்கட்டில், அதாவது அந்த ஏரி நீர் பாயும் பரப்பில், நிலம் இருந்தால் உண்டு. தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000இன்படி, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் நில உரிமையாளர்கள்தான் வாக்காளர்கள். வயலில் நாற்று நட்டு, களை பறித்து, இரவில் மடை திருப்பப் போகும் பெண்ணின் பெயர் பட்டாவில் இருக்காது. நூறு நாள் வேலையில் ஏரி வெட்டுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த ஏரியின் மதகை எப்போது திறப்பது என்பதில் அவர்களுக்குக் குரல் இல்லை. வீராணம், பெருமாள் ஏரி, வெலிங்டன் ஏரி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

வழி பட்டாதான். கணவரோ தந்தையோ இறந்தபின் நிலம் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திர நகல் ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்துக் கூட்டுப் பட்டாவில் பெயர் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் திருத்தம் 1989இலேயே வந்துவிட்டது. மத்தியச் சட்டம் 2005இல்தான் பின்தொடர்ந்தது. பட்டா மாறியதும் சங்கத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியதா என்று தனியாகப் பாருங்கள். அது தானாக நடக்காது.

புதுச்சேரி வேறு வழியை ஒருமுறை செய்துகாட்டியது. ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு 1999இல் தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டத்தில், அங்குள்ள 84 ஏரிகளுக்காக அமைத்த சங்கங்களுக்குள் நிலமற்ற குடும்பங்களையும் பெண்களையும் கொண்டுவந்தார்கள். ஏரி பாசனத்துக்கு மட்டுமில்லை: மாடு குளிப்பாட்ட, துணி துவைக்க, புல் அறுக்க, மீன் பிடிக்க என்று அதை நம்பி இருப்பவர்கள் பலர். இவர்கள் சங்கத்துக்குள் இருந்தால்தான், கடைசிச் சொட்டு வரை மதகில் இறக்கிவிடாமல் மாட்டுக்குக் கொஞ்சம் நிறுத்தி வைப்பது பற்றியும், மீன் ஏலப் பணம் எங்கே போகிறது என்பது பற்றியும் கேள்வி வரும்.

கடலோர ஊரில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் உப்பாகிவிட்டது. குழுவால் என்ன முடியும்?

உப்பை எடுக்க முடியாது. மேலும் ஏறாமல் தடுக்கலாம். கடலோரத்தில் நல்ல நீர் உப்பு நீர்மேல் மிதக்கிறது. ஒரே போரில் நீண்ட நேரம் இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறிவரும். மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டாமல் இடைவெளி விட்டு ஓட்டச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை, மோட்டார் போட்டு அரை மணி கழித்து உப்பு மீட்டரில் அளந்து எழுதுங்கள். கோடையில் எண் ஏறி மழைக்குப் பின் இறங்கினால் போர் தப்பும். மழைக்குப் பின்னும் இறங்காவிட்டால் வேறு ஆதாரம் கேட்கும் தீர்மானத்துக்கு நீங்கள் அளந்து எழுதிய அந்தப் பதிவேட்டுப் பக்கம்தான் சாட்சி. புதுச்சேரியில் புதிய போருக்கு 2002ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி வேண்டும்; பக்கத்தில் அனுமதியில்லாமல் போடும் போர் பற்றி அந்த அனுமதி தரும் அலுவலகத்துக்கு எழுதலாம்.

வெள்ளத்துக்குப் பின் கிணறு, டேங்க் எதையும் நம்பலாமா?

நம்பாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணை திறந்ததில் தென்பெண்ணை கரை மீறிக் கடலூருக்குள் வந்தது. இப்படி நீர் புகுந்த கிணற்றைத் தண்ணீர் தெளியும்வரை இறைத்துவிட்டு மருந்து போட வேண்டும். 3 மீட்டர் விட்டம், 2 மீட்டர் நீர் உள்ள கிணற்றில் சுமார் 14,000 லிட்டர் இருக்கும். வழக்கமான அளவு 56 கிராம்; வெள்ளத்துக்குப் பின் முதல் முறை இரட்டிப்பாக 112 கிராம் போட்டு, அரை மணி கழித்துக் குளோரோஸ்கோப் 0.5 காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் மீண்டும் போடுங்கள். பம்ப் பேனல் நனைந்திருந்தால் மின்வாரியத்தார் பார்க்கும்வரை யாரும் ஸ்விட்சைத் தொட வேண்டாம்.

லாரித் தண்ணீர் விநியோகப் பட்டியலை மழைக்காலத்துக்கு முன்பே குழு எழுதி வைக்கட்டும்: கர்ப்பிணி, கைக்குழந்தை, நடக்க முடியாதவர் உள்ள வீடுகள், லாரி நுழையாத தெருக்கள். லாரி வந்து நின்றபின் எழுதும் பட்டியலில் குரல் பெரியவர் வீடுதான் முதலில் வரும்.

பெண் உறுப்பினர் பேசினால் "உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லு" என்கிறார்கள். சாதி சொல்லித் தள்ளி உட்காரச் சொன்னால்?

முதலாவதற்கு: உறுப்பினர் இல்லாத எவரும் குழுக் கூட்டத்தில் முடிவெடுக்கவோ கையெழுத்திடவோ முடியாது. அவர் வந்து உட்கார்ந்தால், அவர் பெயரைப் பதிவேட்டில் "பார்வையாளர்" என்று எழுதிவிடுங்கள். பெரும்பாலும் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்.

இரண்டாவது குற்றம். 2020 அக்டோபரில் புவனகிரியை அடுத்த தெற்குதிட்டை ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளிவந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. சாட்சிக்கு ஆள் வேண்டும், தேதி வேண்டும், முடிந்தால் படம் வேண்டும். அன்றைய கூட்டக் குறிப்பில் நடந்ததை எழுதச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அதே நாளில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். தனியாகப் போக வேண்டாம். குழுவின் மற்றப் பெண்களும் சேர்ந்து போங்கள்.